வாகனம் செல்லும் பாதை: உண்டு

பிப்ரவரி 3, திங்கள்

வண்டி வந்துவிட்டது. விற்பனைக்கூடத்தில் அதற்கு ஆளுயர மாலை போட்டார்கள். எனக்கு ஒரு லட்டு. பிறகு அட்டையில் செய்த மூன்றடிச் சாவியைக் கையில் கொடுத்து, தலைக்கு மேல் ஜிகினாத்தாளை வெடிக்கவிட்டுப் படம் எடுத்தார்கள். ஐம்பத்து மூன்று வயதில் அட்டைச் சாவியோடு சிரித்துக்கொண்டிருக்கும் அந்த மனிதனை எனக்குச் சற்றும் பிடிக்கவில்லை. வண்டியின் நிறத்துக்குப் 'பாலைவனப் புயல்' என்று பெயர். பழுப்பு என்று எழுதினால் யாரும் வாங்க மாட்டார்கள் போலிருக்கிறது.

உள்ளே பசை நாற்றம். இதைத்தான் புது வண்டி வாசனை என்று உலகம் கொண்டாடுகிறது. கதவைத் திறந்தால் ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் வரவேற்கிறது. பெல்ட் மாட்டாவிட்டால் அதே குரல் கண்டிக்கிறது.

மனைவி தமயந்தி ஏறிப் பார்த்தாள். முதல் படியே அவள் முழங்காலுக்கு மேலே இருக்கிறது. சேலையை ஒரு கையிலும் கைப்பிடியை மறு கையிலும் பிடித்து இரண்டு முறை முயன்றுவிட்டு, "இதுல ஏறணும்னா நான் ஹைஜம்ப் பழகணும்" என்றாள். அவள் வேதியியல் ஆசிரியை. பள்ளிக்குப் பழையபடி பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறாளாம். தொழிலுக்கும் வீட்டுக்கும் சேர்த்து வாங்கிய வண்டியிலிருந்து வீடு முதல் நாளே இறங்கிவிட்டது.

பிப்ரவரி 12, புதன்

இந்த டைரி யார் கையிலாவது சிக்கினால் அவர்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக என் தொழிலை எழுதிவைக்கிறேன். நான் சொத்து மதிப்பீட்டாளன். ஒருவர் வீடோ தோட்டமோ வாங்க வங்கியில் கடன் கேட்டால், நான் நேரில் போய்ப் பார்த்து, இது இன்னது, இவ்வளவு பெறும் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். வத்தலக்குண்டிலிருந்து மேலே தாண்டிக்குடி மலைவரை என் எல்லை.

படிவத்தில் முப்பத்தொரு கேள்விகள். பதினொன்றாவது, 'சொத்துக்கு வாகனம் செல்லும் பாதை உண்டா, இல்லையா'. எவ்வளவு அகலம், எவ்வளவு சரிவு, எந்த வாகனம் என்றெல்லாம் அது கேட்பதில்லை. அதனால் எங்கள் தொழிலில் எல்லாரும் செய்வது ஒன்றுதான். நம் வண்டி போனால் உண்டு, நின்றுவிட்டால் இல்லை. போன வண்டியைச் சொத்தின் வாசலில் நிறுத்திப் படம் எடுத்து இணைக்க வேண்டும். வண்டி வாசலில் நிற்கிறது, ஆகவே பாதை இருக்கிறது. இவ்வளவு சுருக்கமான தர்க்கத்தை நான் எந்தத் தத்துவ நூலிலும் படித்ததில்லை.

பழைய காரில் பதினோரு வருடம் ஓட்டினேன். மலைப்பாதையில் இரண்டாவது கல்லிலேயே அடிவயிறு இடிக்கும். ஓரங்கட்டிவிட்டு நடப்பேன். 'இல்லை' என்று எழுதுவேன். கடன் கேட்டவர்கள் வீட்டுக்கு வந்து சண்டை பிடிப்பார்கள்.

பிப்ரவரி 20, வியாழன்

இன்று மூன்று இடங்கள். பழைய கார் மூச்சுவிடத் தயங்கிய பாதையில் இது தூங்கிக்கொண்டே ஏறுகிறது. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் கியர் ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் கல், வேர், ஓடை எதுவும் கணக்கில் இல்லை. வண்டி எத்தனை டிகிரி சரிந்து நிற்கிறது என்று திரையில் ஒரு பொம்மை வண்டி காட்டுகிறது. மூன்றாவது இடத்தில் இருபத்திரண்டு. கடன் கேட்டவர் என்னைப் பார்த்த பார்வையில் பதினோரு வருடத்தில் முதல் முறையாக மரியாதை இருந்தது.

மூன்றுக்கும் 'உண்டு'. இத்தனை நாள் இந்த மலை மக்களுக்கு அநியாயம் செய்துவந்திருக்கிறேன் என்று தோன்றியது.

மார்ச் 16, ஞாயிறு

ராஜ்மோகன் வற்புறுத்தி அழைத்துப் போனான். தமயந்தியின் தம்பி, பஸ் நிலையத்துக்கு எதிரே ஜவுளிக்கடை வைத்திருக்கிறான். என்னை இந்த வண்டி வாங்கவைத்தவன். இதே ரக வண்டி வைத்திருக்கும் பத்துப் பேர் சேர்ந்து 'மலைச்சிறுத்தைகள்' என்று ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். உறுப்பினர்களின் சராசரி வயது நாற்பத்தாறு. சராசரி இடுப்பளவும் ஏறக்குறைய அதுவே.

கோடையில் சேறு கிடைப்பதில்லை. அதனால் ஒரு தண்ணீர் லாரியை வரவழைத்து, தரிசில் ஊற்றி, சேறு செய்து, அதில் வண்டிகளை இறக்கிச் சிக்கவைத்து, பிறகு ஒருவரையொருவர் கயிறு கட்டி மீட்டுக்கொண்டார்கள். எங்கள் தெருவில் குழாய்த்தண்ணீர் ஒன்பது நாளைக்கு ஒரு முறை. வரப்பில் காலிக்குடத்தோடு இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். ஒருத்தி, "ஏங்க, கொஞ்சமாச்சும் மிச்சம் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். ராஜ்மோகன் அவர்களையும் படத்தில் சேர்த்துக்கொண்டான்.

நானும் ஒரு தரம் சிக்கினேன். நன்றாகத்தான் இருந்தது. 

ஏப்ரல் 8, செவ்வாய்

கரடிப்பாறை. பழைய எஸ்டேட் கணக்குப்பிள்ளையின் ஓட்டு வீடு, சுற்றி அறுபது சென்ட். வாங்குகிறவர் சூசைமாணிக்கம், ஓய்வு பெற்ற ரயில்வே கார்டு. கடன் ஓசூரில் வேலை பார்க்கும் மகன் பெயரில். இடத்தைக் காட்ட அவரே என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்.

தார்ச்சாலை முடியும் கடைசி வளைவிலிருந்து இரண்டரை கிலோமீட்டர். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் காப்பிச்சரிவு. நடுவில் மட்டக்குதிரைகள் மிளகு மூட்டையோடு போய்ப்போய் உண்டான தடம். பொம்மை வண்டி இருபத்தேழு காட்டியது. அதையும் படம் எடுத்துக்கொண்டேன்.

சூசைமாணிக்கம் கைப்பிடியை விடாமல், முப்பத்தைந்து வருடம் கடைசிப் பெட்டியில் உட்கார்ந்து, போகிற ஊரையெல்லாம் முதுகுப் பக்கமாகவே பார்த்தவர் தாம் என்றும், இனி நகராத ஓர் இடத்தில் உட்கார்ந்து எதையாவது நேருக்கு நேர் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். மனைவி ரெஜினா வரவில்லை. சிறுநீரகம் சரியில்லை, ஒரு வருடத்துக்குள் வாரம் இரண்டு முறை ரத்தம் சுத்திகரிக்க வேண்டிவரலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். அடிவாரத்து மருத்துவமனையில் அந்த வசதி இருப்பதை விசாரித்துவிட்டுத்தான் இந்த வீட்டைப் பார்த்திருக்கிறார்.

வாசலில் வண்டியை நிறுத்திப் படம் எடுத்தேன். அப்போது கேட்டார்: "ஆம்புலன்ஸ் வந்துருமா சார்?"

"என் வண்டியே வந்துருச்சே" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. திரும்பும்போது ஒரு முறைகூடக் கைப்பிடியைப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

கரடிப்பாறை அறிக்கை அனுப்பியாயிற்று. உண்டு.

மே 27, செவ்வாய்

மலையில் மட்டும் பிப்ரவரியிலிருந்து பத்து அறிக்கைகள். பத்தும் 'உண்டு'. வங்கியில் கடன் பிரிவைப் பார்க்கும் நிவேதனா, என் அறிக்கைகள் இப்போதெல்லாம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கேள்விகூட இல்லாமல் திரும்பிவருவதாகச் சொன்னாள். முன்பெல்லாம் நான் ஏதோ கடன் கொடுப்பதற்கே விரோதி என்பதுபோல இருக்குமாம். காப்பி வரவழைத்தாள். பதினோரு வருடத்தில் அந்தக் கட்டடத்தில் நான் குடித்த முதல் காப்பி. கழுநீர்.

ஜூன் 15, ஞாயிறு

சூசைமாணிக்கம் வீடு குடிபுகுந்துவிட்டார். போகாவிட்டால் நன்றாக இருக்காது என்று போனேன். பங்குச் சாமியார் வந்து வீட்டை மந்திரித்தார், கோழிக்குழம்பு. சாமான் ஏற்றி வந்த லாரி தார்ச்சாலை வளைவிலேயே நின்றுவிட்டதாம். கட்டிலும் மெத்தையும் மட்டக்குதிரைமேல் வந்தன. பீரோவை எட்டுப் பேர் மூன்று மணி நேரம் சுமந்திருக்கிறார்கள். சூசைமாணிக்கம் இதை வேடிக்கைக் கதையாகச் சொன்னார். எல்லாரும் சிரித்தோம்.

இந்தக் காலத்து லாரி ஓட்டுநர்களுக்குத் தைரியமே இல்லை.

ரெஜினாவை இன்றுதான் பார்த்தேன். மெலிந்தவர், கால் மட்டும் வீங்கியிருந்தது. சமையற்கட்டு ஜன்னலைக் காட்டி, "இங்க நின்னா மேகம் நமக்குக் கீழ போகுது. தூசி இல்ல, ஹாரன் இல்ல. நீங்க மனசு வச்சதாலதான்" என்றார். நான் இன்னொரு துண்டு கோழி போட்டுக்கொண்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

ராஜ்மோகன் என் வண்டியின் பக்கவாட்டில் யானைத் துதிக்கைபோல் ஒரு குழாயை மாட்டிவிட்டான். ஆற்றில் கழுத்தளவு இறங்கினாலும் என்ஜின் மூச்சுவிடுமாம். இங்கே உள்ள ஒரே ஆறு மஞ்சளாறு. அதில் இப்போது ஆடு படுத்திருக்கிறது.

செப்டம்பர் 5, வெள்ளி

சூசைமாணிக்கம் தொலைபேசியில் பேசினார். ரெஜினாவுக்குச் சுத்திகரிப்பு தொடங்கிவிட்டது, செவ்வாயும் வெள்ளியும். தாண்டிக்குடியில் பழைய ஜீப் வைத்திருக்கும் ஒருவன் வருகிறானாம். மழை விழுந்தால் வர மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டானாம். இதையெல்லாம் ஏன் என்னிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்தேன்.

அக்டோபர் 17, வெள்ளி

காலை ஏழு மணிக்குச் சூசைமாணிக்கத்தின் அழைப்பு. மூன்று நாளாக மழை. செவ்வாயன்று ஜீப்காரன் வரவில்லை. அன்றைய சுத்திகரிப்பு தவறிவிட்டது. இன்று விடியும்போதே ரெஜினாவுக்கு மூச்சு வாங்குகிறது. ஆம்புலன்ஸ் தார்ச்சாலை வளைவுவரை வந்து நிற்கிறது. ஓட்டுநர் இறங்கிப் பாதையைப் பார்த்துவிட்டு, இது பாதையே இல்லை என்றிருக்கிறார். எஸ்டேட் ஆட்கள் நான்கு பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்கப் பார்த்தார்கள். வாசலைத் தாண்டி ஐம்பதடியில் ஒருவனுக்குக் கால் வழுக்கியது. ரெஜினா கீழே விழுந்து மணிக்கட்டில் அடி.

"அந்த ஜீப்ப விட்டா இந்த வாசலுக்கு இதுவர வந்த ஒரே வண்டி உங்களுதுதான் சார்" என்றார். குற்றம்சாட்டவில்லை. விவரம் சொன்னார், அவ்வளவுதான்.

போனேன். பொம்மை வண்டி முப்பத்தொன்று காட்டியது. இரண்டு இடத்தில் பின் சக்கரம் பள்ளத்துப் பக்கம் வழுக்கி, பிறகு பிடித்துக்கொண்டது. பெண்குரல் என்னைக் கவனமாக ஓட்டும்படி கேட்டுக்கொண்டது. ரெஜினாவைத் தூக்கித்தான் ஏற்ற முடிந்தது. வரும் வழியில் வாந்தி எடுத்தார். மன்னிக்கச் சொல்லி அதைத் தன் முந்தானையாலேயே துடைக்கப் பார்த்தார்.

மருத்துவமனையில் டாக்டர், இன்னும் இரண்டு மணி நேரம் போயிருந்தால் பேசிப் பயனில்லை என்றார். சூசைமாணிக்கம் என் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வராந்தாவில் எல்லாரும் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து இருக்கையை நான்கு முறை கழுவினேன். நாற்றம் போகவில்லை.

அக்டோபர் 24, வெள்ளி

செவ்வாயும் போனேன், இன்றும் போனேன். காலை ஆறரைக்குக் கிளம்பினால் எட்டரைக்கு மருத்துவமனை. நான்கு மணி நேரம் இயந்திரம். பிறகு மேலே கொண்டுபோய் விட வேண்டும். ரெஜினா ஏறுவதற்குச் சூசைமாணிக்கம் மரத்தில் இரண்டு படி செய்து வைத்திருக்கிறார்.

இறங்கும்போது ஒரு பை வெண்ணெய்ப்பழம் தந்தார்கள். போன முறை தந்ததே பின்பக்கம் கிடந்து அழுகி, பாலைவனப் புயலின் உள்ளே பச்சையாக வழிந்திருந்தது.

அக்டோபர் 28, செவ்வாய்

ஞாயிறு பூசையில் சாமியார் என் பெயரைச் சொல்லி ஜெபித்தாராம். எத்திராஜ் என்பதை எஸ்திராஜ் என்று சொன்னாராம். அந்த அளவுக்காவது நான் தப்பித்தேன்.

நவம்பர் 2, ஞாயிறு

சொல்லவே கூசுகிறது. ராஜ்மோகன் மருத்துவமனை வாசலில் ரெஜினா இறங்குவதை எனக்குத் தெரியாமல் படம் பிடித்து, மெதுவாக ஓடவிட்டு, பின்னால் மேளம் சேர்த்து ஊர் முழுக்க அனுப்பியிருக்கிறான். இன்று திருமண மண்டபத்தில் மலைச்சிறுத்தைகள் கூட்டம். எனக்குச் சால்வை, கேடயம். கேடயத்தில் 'மனிதநேய மாவீரன்' என்று பொறித்திருக்கிறது. சிறுத்தைகள் ஒவ்வொருவராக வந்து கட்டிப்பிடித்தார்கள். "வண்டின்னா எதுக்குன்னு இன்னிக்குத்தான் மச்சான் ஊருக்குப் புரிஞ்சுது" என்றான் ராஜ்மோகன்.

நான் இரண்டு நிமிடம் பேசினேன். ஏதாவது சொல்லியிருக்கலாம். மலையில் சாலை வசதி மேம்பட வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். கை தட்டினார்கள்.

கேடயம் குளிர்ப்பெட்டியின்மேல் இருக்கிறது. வீட்டுக்குள் நுழைந்ததும் அதுதான் கண்ணில் படுகிறது. நான்தான் அங்கே வைத்தேன்.

நவம்பர் 5, புதன்

தமயந்தி சோறு போட்டுக்கொண்டே பேச்செடுத்தாள். "செவ்வா வெள்ளி வந்தா உங்க மூஞ்சியப் பாக்கணுமே. கோயில் தர்மகர்த்தா மாதிரி இருக்கு."

சோற்றைப் பிசைந்தேன்.

"அந்த வீட்டுக்கு வண்டி போகும்னு எழுதிக் குடுத்தது யாரு?"

பருப்பில் உப்புக் குறைவு என்றேன். உப்பு எடுத்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். பருப்பில் உப்பு சரியாகத்தான் இருந்தது.

நவம்பர் 10, திங்கள்

நிவேதனா ஒரு கோப்பு கொடுத்தாள். கரடிப்பாறையிலேயே, சூசைமாணிக்கம் வீட்டுக்கு முந்நூறு மீட்டர் மேலே ஒரு வீடு. பக்கத்துச் சொத்துக்கு அறிக்கை கொடுத்ததே நான்தான், அதனால் இது சீக்கிரம் முடிந்துவிடும், பத்திரப்பதிவுக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்றாள்.

வாங்குகிறவர் சின்னாளபட்டிக்காரர், நூல் வியாபாரம். வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோன தாய்க்கு நல்ல காற்று வேண்டும் என்று வாங்குகிறாராம். தொலைபேசியில் பேசினேன். பாதை பற்றித் தெரியுமா என்று கேட்டேன்.

"அந்தக் கீழ் வீட்டு வாசல்ல உங்க வண்டி நிக்கிற போட்டோவ மேடம் காட்டுனாங்க சார். அதப் பாத்துத்தான தைரியமா எறங்குனோம்" என்றார்.

அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தேன். நன்றாக விழுந்திருக்கிறது. வெளிச்சம், கோணம் எல்லாம் சரி. வண்டிதான் முக்கால்வாசி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. பின்னால் இருந்த பாதை படத்தில் இல்லை.

பிப்ரவரியிலிருந்து மலையில் எடுத்த மற்றப் பதின்மூன்று படங்களையும் பார்த்தேன். எதிலும் பாதை இல்லை.

நவம்பர் 11, செவ்வாய்

ரெஜினா இயந்திரத்தில் இருந்த நான்கு மணி நேரத்தில் சூசைமாணிக்கத்திடம் சொல்லிவிட்டேன். எனக்கு எதையும் சுற்றிவளைத்துச் சொல்ல வரும், இன்று வரவில்லை. உங்கள் வீட்டுக்குப் பாதை இல்லை, உண்டு என்று எழுதியது பிழை, மேலே ஒரு குடும்பம் வருகிறது, அதற்கு உண்மையை எழுதினால் உங்கள் அறிக்கையும் பொய் என்று ஆகிவிடும், அதையும் திருத்தத்தான் வேண்டும் என்றேன்.

அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். ஆச்சரியப்படவில்லை.

"தெரியும் சார். பீரோ வந்தன்னிக்கே தெரியும்."

பிறகு ஏன் என்னிடம் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டு? நீங்க திருத்தி எழுதுனா பேங்க்காரன் எம் மகன் கழுத்துல வந்து உக்காருவான். அந்த வீட்ட வேற யாரும் வாங்கவும் மாட்டான். ரெஜினா அந்த ஜன்னல விட்டு வரவும் மாட்டா." டீயைக் கீழே வைத்தார். "எழுதாதீங்க. நீங்க செவ்வாயும் வெள்ளியும் வாங்க. அது போதும்."

மேலே வரப்போகிற அந்தத் தாய்க்கு என்ன வழி என்று கேட்டேன்.

"அவங்களும் உங்களுக்கு ஃபோன் பண்ணுவாங்க" என்றார். "போற வழிதான. ஏத்திக்கலாம்."

கேலியாகச் சொல்லவில்லை. கார்டாக இருந்தவர், இன்னொரு பெட்டியை இணைப்பதுபோல யோசித்துத்தான் சொன்னார்.

நவம்பர் 12, புதன்

எதுவும் எழுதவில்லை. வண்டியைக் கழுவினேன்.

நவம்பர் 13, வியாழன்

வண்டியைத் தார்ச்சாலை வளைவில் நிறுத்திவிட்டு நடந்தேன். அளவெடுக்கும் நாடா எடுத்துப் போயிருந்தேன். அகலம் ஆறடி நாலங்குலம். ஐந்து இடங்களில் அதுவும் இல்லை. இரண்டு இடங்களில் கீழே மண் சரிந்து, பாதையின் விளிம்பு காற்றில் நிற்கிறது. முந்தாநாள்கூட ரெஜினாவோடு நான் அதன்மேல் ஓட்டிக்கொண்டு போயிருக்கிறேன். நடந்து பார்த்தால் தெரிகிறது. வண்டியில் உட்கார்ந்தால் மூக்குக்கு முன்னால் பானெட் மட்டும்தான்.

இருபத்தேழு, முப்பத்தொன்று என்று வண்டி என்னிடம் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

சூசைமாணிக்கம் வீட்டைக் கடந்துதான் மேலே போக வேண்டும். ஜன்னலில் ரெஜினா நின்றார். கையில் நாடாவோடு நான் நடந்துபோவதைப் பார்த்தார். கூப்பிடவில்லை.

நவம்பர் 17, திங்கள்

புது வீட்டுக்கு 'இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன். கூடவே பழைய பதினான்கு அறிக்கைகளுக்கும் திருத்தக் கடிதம். நிவேதனா எல்லாவற்றையும் படித்தாள். பதினொன்றாவது கேள்வி வரும் பக்கத்தில் மட்டும் விரலை வைத்துக்கொண்டே இருந்தாள்.

"இந்த ஏழு மாசத்துல ரோடு போயிருச்சா சார்?"

"எப்பவுமே இல்லம்மா. என் வண்டிதான் போச்சு."

விரலை எடுத்துவிட்டுக் கோப்பை மூடினாள். பிறகு, இதை நான் எழுதாமல் இருந்திருந்தால் யாருக்குமே தெரிந்திருக்காது என்றாள். மிரட்டல் இல்லை, வருத்தப்பட்டுத்தான் சொன்னாள். இனி இந்த மாவட்டத்தில் எந்த வங்கியும் என்னைக் கூப்பிடாது என்பதையும் அதே வருத்தத்தோடு சொன்னாள். காப்பி வரவில்லை.

நூல் வியாபாரி, முன்னமே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று திட்டினார். பத்திரப்பதிவை நிறுத்திவிட்டார். சாயங்காலம் சூசைமாணிக்கத்தின் மகன் ஓசூரிலிருந்து பேசினான். வேறு ஏதாவது சொத்தையும் சேர்த்து அடகு வைக்க வேண்டும் என்று வங்கியிலிருந்து அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவனிடம் வேறு சொத்து இல்லை. ஒரு வார்த்தைதான் மரியாதையாக ஆரம்பித்தான். மற்றவற்றை எழுதவில்லை. நியாயமானவைதான்.

நவம்பர் 18, செவ்வாய்

வழக்கம்போல ஆறரைக்குக் கிளம்பினேன். தூறல். தார்ச்சாலை வளைவைத் தாண்டி அரைக் கிலோமீட்டர் ஏறியிருப்பேன், எதிரே அவர்கள் வந்தார்கள். நான்கு பேர், நடுவில் பிளாஸ்டிக் நாற்காலி, அதில் ரெஜினா, தலைக்குமேல் உரச்சாக்கு. பின்னால் குடையைப் பிடிக்காமல் இடுக்கிக்கொண்டு சூசைமாணிக்கம். விடியுமுன் புறப்பட்டிருக்க வேண்டும். கீழே ஆம்புலன்சுக்குச் சொல்லி வைத்திருந்தாராம்.

இறங்கினேன். ஏறிக்கொள்ளச் சொன்னேன். நாற்காலியைத் தூக்கியவர்கள் நின்று சூசைமாணிக்கத்தைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்க்காமல், "வண்டிய எடுக்கச் சொல்லுங்கப்பா. வழி வேணும்" என்றார்.

வழி இல்லை. நாற்காலி ஒதுங்க இடமில்லை, நான் திருப்பவும் இடமில்லை. அரைக் கிலோமீட்டர் பின்பக்கமாகவே இறங்கினேன். அவர்கள் எனக்கு எதிரே நடந்து வந்தார்கள். பின்பக்கக் கேமரா திரையில் பச்சைக் கோடு, மஞ்சள் கோடு, சிவப்புக் கோடு. பீப் பீப் என்று விடாமல் கத்தியது. முன் கண்ணாடி முழுக்க ரெஜினாவின் முகம். ஒரு முறை நாற்காலி சாய்ந்தது. நான்கு பேரும் சேர்ந்து பிடித்தார்கள். அவர் இரண்டு கைகளாலும் நாற்காலியின் கைகளைப் பற்றிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். மணிக்கட்டில் பழைய கட்டு இன்னும் இருந்தது.

தார்ச்சாலை வந்ததும் ஓரங்கட்டினேன். அவர்கள் ஆம்புலன்சில் ஏறிப் போனார்கள்.

நவம்பர் 19, புதன்

ராஜ்மோகன் வந்தான். வண்டியை விற்பதானால் சங்கத்திலேயே ஆள் இருக்கிறதாம். நல்ல வண்டியை நான் மனத்தால் கெடுத்துவிட்டேன் என்றான். நாளை சொல்கிறேன் என்றேன்.

நவம்பர் 20, வியாழன்

மதிப்பீட்டாளர் பட்டியலிலிருந்து என்னை நீக்கிக் கடிதம் வந்தது. வண்டியை விற்கவில்லை என்று ராஜ்மோகனிடம் சொன்னேன். தொழிலே இல்லாதவனுக்கு எதற்கு இந்த வண்டி என்று தமயந்தி கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. ஐந்தரைக்கு அலாரம் வைத்தது அவள்தான்.

நவம்பர் 21, வெள்ளி

ஏழேகாலுக்குக் கரடிப்பாறை வாசலில் நின்றேன். ஹாரன் அடிக்கவில்லை. நாற்காலி தூக்குகிறவர்கள் இன்னும் வந்து சேரவில்லை. சூசைமாணிக்கம் என்னைக் கண்டதும் வீட்டின் பின்பக்கம் போய் விறகு வெட்ட ஆரம்பித்தார். வெட்ட வேண்டிய அளவைவிடச் சத்தம் அதிகம்.

கால் மணி நேரம் கழித்து ரெஜினா தனியாக வெளியே வந்தார். சுவரைப் பிடித்து, பிறகு வேலியைப் பிடித்து, பிறகு எதையும் பிடிக்காமல் நடந்து வந்தார். நான் இறங்கிக் கை கொடுக்கப் போனேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். மரப்படி இல்லாமலே கதவின் கைப்பிடியை எட்டிப் பிடித்து, மூன்றாவது முயற்சியில் தானே ஏறி உட்கார்ந்தார். மூச்சு அடங்க நேரம் ஆயிற்று. பின்னால் விறகுச் சத்தம் நின்றிருந்தது.

"அவருக்கு உங்க மேல கோவம்" என்றார். "எனக்கு இல்லன்னு நெனச்சுக்காதீங்க. எனக்கும் கோவந்தான். ஆனா அந்த நாக்காலில இன்னொரு தடவ என்னால போக முடியாது. ஓட்டுங்க."

ஓட்டினேன்.